காலேஜ் டீமை நிறுத்திட்டாங்க, நாம காசு போட்டா திரும்ப வருமா? தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக்கு ஒரு விளக்கம்

கொஞ்ச நாளா ரெண்டு மாதிரி செய்தி பக்கத்து பக்கத்துல ஓடிட்டு இருக்கு. ஒண்ணு அமெரிக்காவுல யுனிவர்சிட்டிங்க நீச்சல், டென்னிஸ், ஜிம்னாஸ்டிக்ஸ் டீமை எல்லாம் பட்ஜெட்டைக் காட்டி தூக்குறது, பழைய ப்ளேயருங்க கோடிக்கணக்குல நிதி திரட்டுறது. இன்னொன்னு நம்ம பக்கத்து வாட்ஸ்ஆப் குரூப்புல வர்ற மெசேஜ், "நம்ம காலேஜ் டீமுக்கு இந்த வருஷம் ஃபண்ட் இல்லையாம், பழைய ஸ்டூடண்ட்ஸ் ஆளுக்கு ஐநூறு போடுங்க"ன்னு, கீழ ஒரு ஜிபே நம்பர். ரெண்டையும் படிச்சவங்க கேக்குறது ஒரே கேள்விதான், காசு போட்டா டீம் நிக்குமா, போடுற காசு எங்க போகுது, வரி கிரி பிரச்சனை வருமான்னு. அடியில இருந்து பாப்போம்.

டீம் எப்படி நிக்குது

அமெரிக்காவுல டீமை நிறுத்துனா அறிக்கை விடுவாங்க, எந்தத் தேதியில இருந்து எந்தெந்த ஆட்டம் இல்லன்னு பட்டியல் வரும். நம்ம ஊர்ல அப்படி எதுவும் கிடையாது. யுனிவர்சிட்டி இன்டர் காலேஜ் டோர்னமெண்ட்டுக்கு என்ட்ரி போடுற தேதி வரும், அந்த ஃபார்ம்ல பிரின்சிபால் கையெழுத்து விழாது, அவ்ளோதான், டீம் போச்சு. பசங்களுக்கே ஒரு மாசம் கழிச்சுத்தான் தெரியும்.

அந்த ஒரு கையெழுத்து ஏன் பெரிய விஷயம்னா பாதை அப்படி. தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் இருக்குற கலை அறிவியல் காலேஜுங்க சேலம் பெரியார் பல்கலைக்கழகத்துக்குக் கீழ வருது, 1997ல ஆரம்பிச்சது, சேலம், நாமக்கல்லோட சேத்து நாலு மாவட்டம். இன்ஜினியரிங்னா அண்ணா பல்கலைக்கழகத்தோட சோனல் ஆட்டம். காலேஜ் டீம் இன்டர் காலேஜ் ஆடும், அங்க நல்லா ஆடுற பசங்க யுனிவர்சிட்டி டீம் செலக்ஷனுக்குப் போவாங்க, அந்த டீம் தென் மண்டலம் ஆடும், அங்க ஜெயிச்சா அகில இந்திய இன்டர் யுனிவர்சிட்டி. காலேஜ் டீமே இல்லன்னா முதல் படியே இல்ல. தமிழ்நாடு அரசு வேலையில விளையாட்டு வீரருங்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கு, போலீஸ், ரயில்வே மாதிரி இடத்துலயும் ஸ்போர்ட்ஸ் கோட்டா இருக்கு, பென்னாகரம் பக்கமோ தேன்கனிக்கோட்டை பக்கமோ இருந்து வர்ற ஒரு பொண்ணுக்கு அந்த சர்டிபிகேட் நோக்கிப் போற வழியே காலேஜ் டீம்தான். அதனால டீமை நிறுத்தி காசு மிச்சம் பண்றோம்னு காலேஜ் நினைக்கிற இடத்துல இழப்பு வேற ஒருத்தர் வீட்டுல விழுது.

இன்னொரு விஷயத்தையும் இங்கயே சொல்லிடலாம், ஏன்னா மெசேஜ்ல எப்பவும் குழப்புவாங்க. யுனிவர்சிட்டி டீமுக்கு செலக்ட் ஆகி வெளி மாநிலம் போற செலவு யுனிவர்சிட்டியோடது, காலேஜோடது இல்ல. காலேஜ் டீமைக் காப்பாத்தன்னு கேக்குற நிதியில அந்தச் செலவைச் சேத்து எழுதியிருந்தா ஒரு தடவை நிறுத்திக் கேளுங்க.

"பட்ஜெட் இல்ல" அப்படின்னா

இந்த ரெண்டு வார்த்தைக்குப் பின்னாடி நாலு வேற வேற காரணம் இருக்கலாம்.

1. நெஜமாவே காசு இல்ல. அரசு காலேஜ், உதவி பெறும் காலேஜுங்கள்ல ஸ்போர்ட்ஸ்க்குன்னு பசங்க கிட்ட வாங்குறது ரொம்பச் சின்ன கட்டணம், பஸ் டிக்கெட்டும் ஜெர்சி விலையும் ஏறுற வேகத்துல அது ஏறாது.

2. பிடி சார் போஸ்ட் காலி. பிசிகல் டைரக்டர் ரிட்டையர் ஆகிட்டாரு, வேற ஆள் வரல, பொறுப்பு கணக்கு சார் கிட்டயோ தமிழ் சார் கிட்டயோ இருக்கு. பாவம் அவரு டீமைக் கூட்டிட்டு மூணு நாள் போனா இங்க க்ளாஸ் நிக்கும்.

3. கிரவுண்ட் இல்ல, அங்க புது பில்டிங் வந்துருச்சு.

4. மேனேஜ்மெண்ட்டுக்கு விருப்பம் இல்ல. ப்ரைவேட் காலேஜ்னா அட்மிஷனுக்கு விளம்பரமா உதவுற ஆட்டத்தை வச்சுக்குவாங்க, மத்ததை விட்டுருவாங்க.

நாம காசு திரட்டுறது முதல் காரணத்துக்கு மட்டும்தான் நேரடி மருந்து. ரெண்டாவதுக்கு பார்ட் டைம் கோச் வச்சு ஓரளவு சமாளிக்கலாம், ஆனா என்ட்ரியில கையெழுத்து போட்டு டீம் கூடப் போக ஒரு ஸ்டாஃப் வேணும், அதைக் காசு குடுத்து வாங்க முடியாது. நாலாவது காரணம்னா நீங்க பத்து லட்சம் சேத்துக் குடுத்தாலும் வேற காரணம் வரும். அதனால வசூல் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அஞ்சாறு பேரு போய் பிரின்சிபாலைப் பாத்து "சார், எவ்ளோ இருந்தா இந்த வருஷம் என்ட்ரி போடுவீங்க"ன்னு நேரா கேட்டுட்டு வரணும். தொகையைச் சொன்னா அது காசுப் பிரச்சனை. தொகையைச் சொல்லாம பேச்சை மாத்துனா வேற பிரச்சனை.

அமெரிக்காவுல காசு எங்க வேலை செஞ்சுது, எங்க செய்யல

அங்க இப்ப ஏன் இவ்ளோ டீமை நிறுத்துறாங்கன்னா, 2025 ஜூன்ல ப்ளேயருங்க போட்ட ஒரு கேஸ்ல பெரிய கோர்ட் ஒப்பந்தம் வந்துச்சு, ஹவுஸ்ங்கிற ப்ளேயர் பேர வச்சு ஹவுஸ் வழக்குன்னு சொல்வாங்க. அதுபடி காலேஜுங்க ப்ளேயருக்கு நேரடியா காசு குடுக்கலாம், 2025-26க்கு ஒரு காலேஜுக்கு உச்ச வரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர். அதுல பெரும் பங்கு போறது அமெரிக்கன் ஃபுட்பாலுக்கும் பேஸ்கட்பாலுக்கும், டிவி காசு கொண்டு வர்ற ஆட்டம் அதுங்கதான். வருமானம் இல்லாத ஆட்டங்களுக்கு மிஞ்சுறது சுருங்கும்.

ஆனா நிறுத்துறதும் மீட்கிறதும் அங்க பழைய கதை. நாலு சம்பவம் பாத்தா போதும், ஒவ்வொன்னும் வேற பாடம்.

கலிஃபோர்னியா பெர்க்லி, 2010 செப்டம்பர். பேஸ்பால், ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ், பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ், பெண்கள் லக்ராஸ், ரக்பின்னு அஞ்சு டீம் மேல கை வெச்சாங்க. பழைய மாணவருங்க நிதி திரட்டுனாங்க, 2011 பிப்ரவரியில யுனிவர்சிட்டி மூணு டீமை மட்டும் காப்பாத்துறோம்னுச்சு, பேஸ்பாலும் ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸும் வெளிய. பேஸ்பால் ஆளுங்க விடல, கிட்டத்தட்ட 1 கோடி டாலர் அளவுக்கு வாக்குறுதி சேத்துக் காட்டுன பிறகு ஏப்ரல்ல டீம் உள்ள வந்துச்சு, அதே சீசன்ல தேசிய இறுதிச் சுற்றான காலேஜ் வேர்ல்டு சீரிஸ் வரைக்கும் போனாங்க. இங்க கவனிக்க வேண்டியது, அந்த வருஷச் செலவை மட்டும் கட்டியிருந்தா யுனிவர்சிட்டி ஒத்துக்கிட்டிருக்காது, பல வருஷத்துக்கான தொகையைக் காட்டினதாலதான் ஒத்துக்கிச்சு.

ஸ்டான்ஃபோர்டு, 2020 ஜூலை. 36 டீம்ல 11 டீமை நிறுத்துறோம்னாங்க. அந்த யுனிவர்சிட்டியோட மூலநிதி, அதாவது அசலைத் தொடாம வருமானத்தை மட்டும் எடுக்குற நிதி, அப்பவே 2,700 கோடி டாலருக்கு மேல, அதனால "காசு இல்ல"ன்னு சொன்னதை யாரும் நம்பல. அவங்க சொன்ன கணக்கு, 11 டீமும் நிரந்தரமா நிக்கணும்னா 20 கோடி டாலர் மூலநிதி வேணும்னு. பழைய ப்ளேயருங்க காசும் திரட்டுனாங்க, கூடவே கேஸும் போட்டாங்க, 2021 மே மாசம் பதினொன்னையும் திரும்ப எடுத்துக்கிட்டாங்க. காசு மட்டும் செஞ்ச வேலை இல்ல அது.

வில்லியம் அண்டு மேரி, 2020 செப்டம்பர். ஏழு டீம் போச்சு, அதுல மூணு பெண்கள் டீம். அங்க டைட்டில் நைன்னு 1972ல வந்த சட்டம் இருக்கு, அரசு நிதி வாங்குற கல்வி நிறுவனம் ஆண் பெண் பாகுபாடு பாக்கக் கூடாதுன்னு. பெண்கள் டீம் சார்பா வக்கீல்கள் கேஸ் போடுவோம்னு சொன்னதும் அக்டோபர்லயே அந்த மூணு டீமும் திரும்பிடுச்சு, அடுத்த மாசமே ஆண்கள் டீமும் வந்துருச்சு. நம்ம நாட்டுல காலேஜ் விளையாட்டுக்குன்னு அப்படி ஒரு தனிச் சட்டம் கிடையாது. அதனால இங்க பெண்கள் டீம்தான் முதல்ல போகுதான்னு கண்காணிக்க வேண்டிய வேலை நம்ம தலையில விழுது, நிதி திரட்டுறப்ப "பாய்ஸ் டீமுக்கு மட்டும்"னு வர்ற மெசேஜைப் பாத்தா எனக்கு எரிச்சல்தான் வருது.

அலபாமா பர்மிங்காம், 2014 டிசம்பர். அமெரிக்கன் ஃபுட்பால் டீமை மூடினாங்க, ஊரே திரண்டு நிதி சேத்து 2015 ஜூன்ல மீட்டாங்க. ஆனா களத்துல இறங்குனது 2017லதான், ஏன்னா மூடுன உடனே ப்ளேயருங்க வேற காலேஜுக்குப் போயிட்டாங்க, புதுசா ஆள் சேக்க ரெண்டு வருஷம். டீம் கலையிறதுக்கு முன்னாடி செய்யற வசூலும் கலைஞ்ச பிறகு செய்யற வசூலும் ஒண்ணு இல்ல.

ஒரு டீமுக்கு வருஷம் எவ்ளோ ஆகும்

கணக்குக்காக ஒரு பெண்கள் வாலிபால் டீமை எடுத்துக்குவோம், 12 பேரு. தொகை எல்லாம் உதாரணம்தான், உங்க காலேஜுக்கு மாறும்.

1. ஜெர்சி, ஷூ, ட்ராக் சூட், ஆளுக்கு 5,000: 60,000
2. பந்து, நெட், ஆன்டெனா (நெட் ஓரத்துல நிக்கிற குச்சி): 25,000
3. காலையில ப்ராக்டீஸ் முடிச்சா முட்டை, பால், சுண்டல், ஆளுக்கு 40 ரூபாய், 150 நாள்: 72,000
4. பார்ட் டைம் கோச், மாசம் 12,000, பத்து மாசம்: 1,20,000
5. ஆறு டோர்னமெண்ட், பயணம், சாப்பாடு, தங்குறது, ஒண்ணுக்கு 15,000: 90,000
6. என்ட்ரி ஃபீஸ், ஃபர்ஸ்ட் எய்டு: 18,000

கூட்டுனா 3,85,000. கை பிசகுக்கு கொஞ்சம் சேத்து 4 லட்சம்னு வைங்க.

இப்ப மெசேஜைப் பாத்து ஆளுக்கு ஐநூறு போட்டு, அறுநூறு பேரு போட்டாங்கன்னு வைங்க, 3 லட்சம். எல்லாரும் சந்தோஷம், ஃபோட்டோ, சால்வை. அந்தக் காசு ஒன்பது மாசத்துல தீரும். அடுத்த வருஷம் அதே மெசேஜ் வந்தா எவ்ளோ பேரு போடுவாங்கன்னு உங்களுக்கே தெரியும். டீம் அப்ப சாகும், ரெண்டாவது தடவை நிறுத்துறப்ப காலேஜ் மேல கோவமும் வராது, "நாம முயற்சி பண்ணோம்"னு போயிருவாங்க.

அதனால வழி ரெண்டு. ஒண்ணு மூலநிதி, அதாவது அசலைத் தொடாம வட்டியில மட்டும் டீம் நடத்துறது. 7 சதவீத வட்டின்னு வச்சாலும் வருஷம் 4 லட்சம் வர 57 லட்சம் போல வேணும். ஆனா வட்டி முழுசையும் எடுத்துட்டா விலைவாசி ஏற ஏற அந்த 4 லட்சம் பத்தாம போகும், அதனால 4 சதவீதம் மட்டும் எடுத்து மீதியை அசல்லயே விடணும், அப்படின்னா 1 கோடி வேணும். நம்ம பக்கத்து ஒரு சாதாரண காலேஜோட பழைய மாணவருங்க யாரு, ஓசூர் கம்பெனியில ஷிப்ட் போறவங்க, பெங்களூர்ல பேக்கரி வச்சிருக்கிறவங்க, டீச்சருங்க, போலீஸ். ஒரு கோடின்னா மலைப்பா இருக்கும்.

இன்னொன்னு மாசச் சந்தா. 200 பேரு, மாசம் 200 ரூபாய், ஆட்டோ டெபிட். வருஷத்துக்கு 4,80,000. அதுல ஆறுல ஒரு பங்கு ஆளு நடுவுல விட்டுட்டாலும் 4 லட்சம் நிக்கும். என் கணிப்புல ஒரு சின்ன ஊர் காலேஜுக்கு இதுதான் நடைமுறைக்கு ஒத்து வரும், பெரிய மனுஷன் ஒருத்தரை நம்பி ஓடுற டீம் அவரு மனசு மாறுனா அன்னிக்கே நிக்கும். சந்தாவை வச்சு ஓட்டிக்கிட்டே, மிஞ்சுறதை மூலநிதியில சேத்துட்டு வரலாம்.

காசு யார் அக்கவுண்ட்ல விழுது

இங்கதான் நல்ல எண்ணத்துல ஆரம்பிச்ச பல வேலை சிக்குது. அந்த ஜிபே நம்பர் பொதுவா ஒரு பழைய கேப்டனோட பர்சனல் நம்பரா இருக்கும். வருமான வரிச் சட்டப்படி சொந்தக்காரங்க இல்லாதவங்க கிட்ட இருந்து ஒரு வருஷத்துல 50,000 ரூபாய்க்கு மேல பணமா வந்தா முழுத் தொகையும் வருமானமா கணக்காகும். "அது என் காசு இல்ல சார், டீம் காசு"ன்னு சொல்லலாம், ஆனா நோட்டீஸ் வந்த பிறகு பில்லோட நிரூபிக்க வேண்டியது அந்தப் பையன்தான்.

சரியான வழி, பழைய மாணவர் சங்கத்தை தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975ல பதியறது, குறைஞ்சது ஏழு பேரு வேணும், இல்லன்னா ட்ரஸ்டா பதியறது. அப்புறம் சங்கம் பேர்ல பான், பேங்க் அக்கவுண்ட், ரெண்டு பேர் கையெழுத்து. வருமான வரியில 12ஏபி பதிவும் 80ஜி அனுமதியும் வாங்கினா சங்கத்துக்கும் வரி விலக்கு, குடுக்கிறவங்களுக்கும் சலுகை. 2025ல வந்த புது வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல்ல இருந்து நடைமுறைங்கிறதால பிரிவு எண்கள் மாறும், ஆடிட்டர்கிட்ட கேட்டுக்கணும், ஆனா 80ஜின்னு சொன்னாத்தான் இன்னும் எல்லாருக்கும் புரியும்.

80ஜி பத்தி ஒரு தப்பான நெனப்பு இருக்கு, அதையும் சொல்லிடறேன். நன்கொடையில பாதித் தொகையைத்தான் வருமானத்துல இருந்து கழிப்பாங்க. 30 சதவீத வரி கட்டுறவர் 10,000 குடுத்தா 5,000 கழியும், கையில மிச்சம் 1,500 சொச்சம். ரொக்கமா 2,000க்கு மேல குடுத்தா அதுவும் கிடையாது. புது வரி முறையில இருக்குறவங்களுக்கு இந்தச் சலுகையே இல்ல, இப்ப சம்பளக்காரங்கள்ல நிறைய பேரு அதுலதான் இருக்காங்க. "வரி மிச்சம் ஆகும்"னு சொல்லி சின்னத் தொகை வசூல் பண்றதுல பெரிய பிரயோஜனம் இல்ல, அது பெரிய தொகை குடுக்கிறவங்களுக்கும் கம்பெனிக்கும் தேவைப்படுற காகிதம்.

"நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" திட்டத்துல போட்டுரலாமேன்னு சிலர் கேக்குறாங்க. அது 2022 டிசம்பர்ல அரசுப் பள்ளிக்கூடங்களுக்குன்னு ஆரம்பிச்சது, காலேஜ் அதுல வராது. தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளைன்னு 2023ல வந்தது விளையாட்டு வீரருங்களுக்கு உதவி, திறமையான ஒரு ப்ளேயர் அங்க விண்ணப்பிக்கலாம், ஆனா காலேஜோட வருஷச் செலவுக்கு அது பதில் இல்ல.

கணக்கு எப்படி வைக்கணும்னு யாரும் நமக்குப் புதுசா சொல்லித் தர வேண்டாம். மாரியம்மன் பண்டிகை முடிஞ்சா கோயில் முன்னாடி வரவு செலவு வாசிப்பாங்க, இன்னார் இவ்ளோ, பந்தல் இவ்ளோ, மீதி இவ்ளோன்னு. அதையே மூணு மாசத்துக்கு ஒரு தடவை குரூப்புல பில் ஃபோட்டோவோட போட்டா போதும்.

ஓசூர் கம்பெனிங்க கிட்ட கேக்கலாமா

கேக்கலாம், கேக்கணும். கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 135 படி, நிகர மதிப்பு (சொத்துல கடனைக் கழிச்சது) 500 கோடி, இல்ல விற்றுமுதல் 1,000 கோடி, இல்ல நிகர லாபம் 5 கோடி, இதுல எதையாவது தொட்ட கம்பெனி கடைசி மூணு வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதத்தை சமூகப் பொறுப்புக்குச் செலவு பண்ணணும், சிஎஸ்ஆர்னு சொல்றது இதைத்தான். அனுமதிச்ச பட்டியல்ல கிராமப்புற விளையாட்டு, தேசிய அங்கீகாரம் உள்ள விளையாட்டு, ஒலிம்பிக், பாராலிம்பிக் விளையாட்டுக்கான பயிற்சி தெளிவா இருக்கு. கம்பெனி இயங்குற பகுதிக்கு முன்னுரிமை குடுக்கணும்னும் இருக்கு. டைட்டன், அசோக் லேலண்ட், டிவிஎஸ் மோட்டார் எல்லாம் ஓசூர்ல இருக்கிறப்ப கிருஷ்ணகிரி காலேஜுக்கு இது தூரம் இல்ல.

ஆனா மூணு இடத்துல சறுக்குவாங்க.

1. ஜெர்சியில லோகோ போடுறோம்னு சொல்லிக் கேட்டா அது ஸ்பான்சர்ஷிப். விளம்பர லாபத்துக்காகக் குடுக்கிறது சிஎஸ்ஆர் கணக்குல வராதுன்னு விதியே இருக்கு, கம்பெனி மார்க்கெட்டிங் பட்ஜெட்ல இருந்துதான் குடுக்கணும், ரெண்டும் வேற வேற டேபிள்.
2. சங்கத்துக்கு 12ஏபி, 80ஜி, சிஎஸ்ஆர்-1 (சிஎஸ்ஆர் காசு வாங்க அரசுகிட்ட பண்ற பதிவு) இல்லன்னா பெரும்பாலும் ஃபைல் நகராது. புதுசா ஆரம்பிச்ச சங்கத்துக்கு மூணு வருஷ வேலைப் பின்னணியும் கேப்பாங்க.
3. கம்பெனி குடுக்கிறது திட்டத்துக்கு. "எங்க டீமைக் காப்பாத்துங்க"ன்னா புரியாது, "சுத்துப்பட்டு கிராமத்துப் பொண்ணுங்க 60 பேருக்கு மூணு வருஷம் வாலிபால் பயிற்சி"ன்னா புரியும். அந்தப் பயிற்சிக்குள்ள காலேஜ் டீமும் இருக்கட்டும்.

வெளிநாட்டுல இருக்குற பழைய மாணவர் அனுப்புறதுக்கு ஒரு வரி. இந்திய பாஸ்போர்ட் வச்சிருக்கிறவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தை பேங்க் மூலமா அனுப்பினா பிரச்சனை இல்ல, ஆனா அமெரிக்க, சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிட்டவர் அனுப்பினா, ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளிக்குக் குடுக்கிறது) இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை, அதுக்கு எஃப்சிஆர்ஏங்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி அனுமதி இல்லாம சங்கம் ஒரு ரூபாய் கூடத் தொடக்கூடாது.

காலேஜ் கிட்ட எழுதி வாங்க வேண்டியது

மேல சொன்ன எல்லாத்தையும் விட இதுதான் முக்கியம்னு நான் நினைக்கிறேன், இதைத்தான் யாரும் செய்யறதும் இல்ல. காசைக் கொண்டு போய் பிரின்சிபால் ரூம்ல செக் குடுத்து ஃபோட்டோ எடுத்துட்டு வந்துருவாங்க. அது காலேஜோட பொது அக்கவுண்ட்ல விழும், நாலு மாசத்துல அது எதுக்கு வந்த காசுன்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது, பிரின்சிபாலும் மாறிப் போயிருப்பாரு. பெர்க்லிகாரங்களும் ஸ்டான்ஃபோர்டுகாரங்களும் காசோட சேத்து வாங்குனது யுனிவர்சிட்டி வெளிப்படையா குடுத்த வார்த்தையை.

ஒரு பக்கத்துல ஒரு ஒப்பந்தம் போதும், வக்கீல் தமிழ் வேண்டாம்:

1. குறைஞ்சது மூணு வருஷத்துக்கு இந்த டீமுக்கு இன்டர் காலேஜ் என்ட்ரி போடுவோம்.
2. டீம் கூடப் போக ஒரு ஸ்டாஃபுக்கு ஆன் டியூட்டி குடுப்போம், ப்ளேயருங்களுக்கு அட்டெண்டன்ஸ் குடுப்போம்.
3. சங்கம் குடுக்கிற காசைக் காரணம் காட்டி, காலேஜ் ஏற்கெனவே குடுத்துட்டு இருந்த தொகையைக் குறைக்க மாட்டோம்.
4. கிரவுண்ட் காலை ஆறுல இருந்து எட்டு வரைக்கும் டீமுக்கு.

மூணாவது பாயிண்ட்டை விட்டுராதீங்க. வெளியில இருந்து காசு வர ஆரம்பிச்சதும் உள்ள இருந்த காசு காணாம போறது எல்லா நிறுவனத்துலயும் நடக்கிறதுதான், அப்ப நீங்க டீமுக்குக் குடுக்கல, காலேஜோட கரண்ட் பில்லுக்குக் குடுத்திருக்கீங்க. அரசு காலேஜ்னா பிரின்சிபால் தனியா இப்படி ஒப்பந்தம் போட அதிகாரம் இல்லன்னு தயங்குவாரு, அது நியாயமும் கூட. அங்க காலேஜ் கவுன்சில்லயோ பெற்றோர் ஆசிரியர் கழகத்துலயோ தீர்மானமா பதிய வைங்க, பிரின்சிபால் மாறுனாலும் மினிட்ஸ் புக் அங்கயேதான் இருக்கும்.

காசையும் செக்கா குடுக்காம, பந்து, ஜெர்சி, கோச் சம்பளம், பஸ் வாடகைன்னு சங்கமே நேரா கட்டிட்டு பில்லை காலேஜ்ல ஒரு காப்பி குடுத்துடலாம்.

டீம் வரலைன்னா வாங்குன காசு என்ன ஆகும்

இதை வசூல் மெசேஜ்லயே எழுதணும், முடிஞ்ச பிறகு யோசிச்சா சண்டைதான். 80ஜி ரசீது குடுத்துட்ட நன்கொடையைத் திருப்பித் தர்றது லேசு இல்ல, அவரு அதை வச்சு வரி கழிச்சிருப்பாரு. அதனால "இந்தத் தேதிக்குள்ள காலேஜ் என்ட்ரி போடலைன்னா இந்தத் தொகை இதே காலேஜ்ல வேற பெண்கள் டீமுக்கு, அதுவும் இல்லன்னா இந்த 12 பொண்ணுங்க வேற க்ளப்ல ஆட பயணச் செலவுக்கு"ன்னு முதல்லயே போட்டுடுங்க. முதல்ல உறுதிமொழி மட்டும் வாங்கிட்டு, காலேஜ் எழுதிக் குடுத்த பிறகு காசு வாங்குறது இன்னும் நல்லது, பெர்க்லி பேஸ்பால்காரங்க காட்டினதும் பெரும்பாலும் உறுதிமொழியைத்தான். என்ட்ரி தேதிக்கு ரெண்டு மாசம் முன்னாடி ஆரம்பிச்சா இதுக்கு நேரம் இருக்கும், ஒரு வாரம் இருக்கிறப்ப ஆரம்பிச்சா அந்த ஜிபே நம்பர்தான் மிஞ்சும்.